பெரிய கார்டும் எர்த் இல்லாத பிளக்கும்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெரிய கிராபிக்ஸ் கார்ட் பற்றியவைதான் (கீழே வரும் 3090, 4080, 5090 போன்ற எண்கள் எல்லாம் என்விடியா கம்பனியின் ஆர்டிஎக்ஸ் கார்ட்கள்). சந்தோஷம். ஆனால் கார்டின் பெயர், பவர் சப்ளையின் பெயர், மொனிற்றரின் அளவு எதையும் எழுதாமல் “அண்ணா, கேம் இழுக்குது, என்ன செய்யலாம்?” என்று மட்டும் எழுதியவர்களை ஒதுக்கி வைத்துவிட்டேன். எனக்குச் சாத்திரம் பார்க்கத் தெரியாது.

கோண்டாவில் வாசகர்: ஆர்டிஎக்ஸ் 5080 போட்டு ஒரு மாதம். பழைய கார்டுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கார்ட் பழுதா?

மொனிற்றர் வயரைக் கார்டில் குத்தியிருக்கிறீர்களா, மதர் போர்டில் குத்தியிருக்கிறீர்களா? முதலில் எழும்பிப் போய்ப் பாருங்கள். கார்டில்தான் என்றால், கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதிய அந்த 60 ஹேர்ட்ஸ், 1080பி மொனிற்றர்தான் காரணம். அது செக்கனுக்கு 60 படத்துக்கு மேல் காட்டாது. கார்ட் பாதி நித்திரையில் கிடக்கிறது. 1440பி, 144 ஹேர்ட்ஸுக்குக் குறையாத மொனிற்றர் ஒன்று வாங்குங்கள்.

நல்லூர் வாசகர்: கனடாவில் இருந்து மாமா வருகிறார். 5090 கொண்டுவரச் சொல்லலாமா? அங்கே 120 வோல்ட், இங்கே 230. எரிந்துவிடாதா?

எரியாது. கார்டுக்கு வீட்டு வோல்டேஜ் தெரியாது. பவர் சப்ளை கொடுக்கும் 12 வோல்ட்தான் அதற்குத் தெரியும்.

நீங்கள் யோசிக்க வேண்டியது வாரண்டியை. வாங்கிய நாட்டில்தான் வாரண்டி என்று பல கம்பனிகள் வைத்திருக்கின்றன. பழுதானால் மாமா திரும்பவும் காவிக்கொண்டு போக வேண்டும். பலாலி விமான நிலையத்தில் ஏறிச் சென்னைக்குப் போய் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி வருகிறவர்களுக்கும் இதே கதைதான். 5090 வெளிவந்தபோது கம்பனி சொன்ன விலை 2,000 டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தால் ஆறு இலட்சம். இங்கே 18 வீத வற், இறக்குமதிச் செலவு, கடைக்காரரின் இலாபம் எல்லாம் ஏறி அதைவிட நிறையக் கூடிவிடும். அந்த இடைவெளிதான் வாரண்டிக்கு நீங்கள் கொடுக்கிற காசு. 5090 என்றால் நான் கொடுப்பேன். மாமா கொண்டுவருவதுதான் முடிவென்றால், கையில் காவும் பையில் வரட்டும். பில்லில் கார்டின் சீரியல் நம்பர் இருக்கட்டும். பெட்டியை எறிய வேண்டாம்.

சாவகச்சேரி வாசகர்: வலோரண்ட் விளையாடும்போது பிங் 100ஐத் தாண்டுகிறது. 4080 போட்டால் குறையுமா?

குறையாது. பிங் என்பது உங்கள் வீட்டில் இருந்து மும்பை, சிங்கப்பூர் சேர்வருக்குத் தகவல் போய்த் திரும்பி வர எடுக்கும் நேரம். ரவுட்டருக்கு வயர் இழுங்கள்.

சுன்னாகம் வாசகர்: 4090 வைத்திருக்கிறேன். 850 வாட்ஸ் பவர் சப்ளை (பெயர் தெரியவில்லை). கேம் நடுவில் கொம்பியூட்டர் பட்டென்று நிற்கிறது. கேசிங்கைத் தொட்டால் சாதுவாகக் கரண்ட் அடிக்கிறது. கடைக்காரர் ஸ்டெபிலைசர் போடச் சொல்கிறார். வீடு தாத்தா காலத்தது.

பெயர் தெரியவில்லை! ஐந்தாறு இலட்சத்துக்குக் கார்ட் வாங்கியவருக்கு, அதற்குச் சோறு போடுகிற பெட்டியின் பெயர் தெரியவில்லை. இந்தக் கடிதம் வேறு வேறு கையெழுத்தில் மாதா மாதம் வருகிறது. அதனால் இந்த முறை விரிவாகவே எழுதுகிறேன், வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிற்கிற பிரச்சினை. 4090க்கு 450 வாட்ஸ் என்று எழுதியிருப்பது சராசரிக் கணக்கு. மில்லிசெக்கன் கணக்கில் அது அதைத் தாண்டிப் பாயும். நல்ல பவர் சப்ளை அந்தப் பாய்ச்சலைத் தாங்கும், பவர் சப்ளைகளுக்கு ஏரிஎக்ஸ் 3.0 என்ற தரம் வந்ததன் ஒரு காரணமே இதுதான். பெயரில்லாத பெட்டியின் ஸ்டிக்கரில் 850 என்று யாரும் அச்சடிக்கலாம். நின்ற பிறகு, பின்பக்கச் சுவிட்சை ஓஃப் பண்ணிப் போட்டால்தான் திரும்ப எழும்புகிறது என்றால், பவர் சப்ளை தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் கார்டில் பழுதில்லை.

ஸ்டெபிலைசர் வேண்டாம். நல்ல பவர் சப்ளை 100 முதல் 240 வோல்ட் வரை தானாகவே சமாளிக்கும். “டிக், டிக்” என்று ரிலே மாற்றுகிற மலிவு ஸ்டெபிலைசர் ஒவ்வொரு டிக்கிலும் ஒரு கணம் கரண்டை வெட்டுகிறது. பழைய குளிர்சாதனப் பெட்டிக்கு வாங்கிய பழக்கத்தில் இதையும் தலையில் கட்டுகிறார்கள். அந்தக் காசைப் பவர் சப்ளையில் போடுங்கள்.

இப்போது எர்த். கேசிங்கில் சாதுவாக அடிக்கிறது என்றால் பிளக்கில் எர்த் இல்லை. பவர் சப்ளைக்குள் இருக்கும் ஃபில்டர் கொஞ்சக் கரண்டைக் கேசிங்குக்கு விடும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேசிங் நூறு வோல்ட்டுக்கு மேல் மிதந்துகொண்டு நிற்கும். அடிக்கிற அளவு சின்னதுதான், ஆளைக் கொல்லாது. ஆனால் கேசிங்குக்குள் உண்மையான ஷோர்ட் ஒன்று வந்தால்? “எங்கட வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கு” என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று: எர்த் இல்லாத வீட்டில் அந்தச் சுவிட்ச் விழுவதற்குக் கரண்ட் உங்கள் உடம்பு வழியாகத்தான் போக வேண்டும்.

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் இதற்கு ஒரு காரணமும் உண்டு. மேலே கொஞ்சம் செம்மண், கீழே சுண்ணாம்புக் கல். எர்த் கம்பி அடிக்கும்போது கல்லில் முட்டி நின்றுவிடும். மிச்சத்தை வெட்டி எறிந்துவிட்டு மேலே சீமெந்து பூசிவிட்டுப் போன வேலைகளை நான் பார்த்திருக்கிறேன். கோடையில் மேல் மண் காய்ந்ததும் அந்தக் குட்டைக் கம்பியால் ஒரு பிரயோசனமும் இல்லை. எப்போதும் ஈரமாக இருக்கும் கிணற்றடிப் பக்கம் அடிக்கச் சொல்லுங்கள். அடித்த பிறகு மீற்றர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். அளக்கத் தெரியாது என்றால் வேறு ஆளைப் பிடியுங்கள். பழைய உருண்டைப் பின் பிளக்கில் மூன்றாவது ஓட்டை இருக்கிறதே என்று நம்பவேண்டாம். பல வீடுகளில் அந்த ஓட்டைக்குப் பின்னால் வயரே கிடையாது.

யூபிஎஸ் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 650 விஏ யூபிஎஸ் நானூறு வாட்ஸைக்கூடத் தாங்காது. உங்கள் கொம்பியூட்டர் கேமில் அறுநூறுக்கு மேல் இழுக்கும். 1500 விஏக்குக் குறையாத, சுத்த சைன் வேவ் தருகிற யூபிஎஸ் வாங்குங்கள். அதுவும் சேவ் பண்ணிவிட்டு நிறுத்த மட்டும்தான். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்கக் கரண்ட் போனபோது, பாணந்துறைத் துணை மின் நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். குரங்குக்குப் பரிகாரம் என்னிடம் இல்லை. கரண்ட் போனால் பிளக்கைக் கழற்றுங்கள், திரும்பி வந்து பத்து நிமிடம் நின்ற பிறகு போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலுக்கும் அதேதான், ரவுட்டர் வயரும் சேர்த்து.

கொக்குவில் வாசகர்: பெரிய கார்ட்களில் பவர் கனெக்டர் உருகுகிறது என்று கேள்விப்பட்டுப் பயமாக இருக்கிறது.

பயம் நல்லது. 600 வாட்ஸை 12 வோல்ட்டால் பிரித்துப் பாருங்கள்: 50 அம்பியர். அது ஆறு சின்னப் பின்களில் போகிறது. ஒன்று சரியாகத் தொடாவிட்டால் அதன் பங்கு மற்றவற்றின் தலையில் விழும், சூடேறும். 12விஎச்பிடபிள்யூஆர் என்ற முதல் வடிவத்தைத் திருத்தி 12வி-2x6 என்று ஒன்று வந்தது. அது பாதி குத்தினால் வேலை செய்யாமல் இருக்கப் பார்க்கும், ஆனால் உங்கள் அவசரத்துக்கு அது மருந்தல்ல. இடைவெளி தெரியாத வரை முழுதாகக் குத்துங்கள். கனெக்டரில் இருந்து மூன்று நான்கு சென்றிமீற்றருக்குள் வயரை மடக்கவேண்டாம். கேசிங் கதவு முட்டுகிறதென்றால் கேசிங்கை மாற்றுங்கள். மலிவு வளைவு அடாப்டர் வேண்டாம். ஒரு பவர் சப்ளையின் வயரை இன்னொன்றில் போடவே வேண்டாம், பொருந்தினாலும்.

மானிப்பாய் வாசகர்: 5080. ஒரு நாளைக்கு ஐந்து மணித்தியாலம் விளையாடுவேன். கரண்ட் பில்லைப் பார்த்து அப்பா ஏசுகிறார். கார்ட் அவ்வளவு இழுக்குமா?

அப்பா சொல்வது சரி. கார்ட் 360, மற்றதெல்லாம் சேர்த்தால் மொத்தம் ஒரு 600 வாட்ஸ். ஐந்து மணித்தியாலத்துக்கு 3 யூனிட், மாதம் 90. வீடு ஏற்கெனவே 110 எடுத்தால் 200 ஆகிவிட்டது. 180ஐத் தாண்டினால் கடைசிப் படி விலை என்பது அப்பாவுக்குத் தெரியும். அறையில் ஏசியும் போட்டால் கணக்கை நீங்களே பாருங்கள்.

கார்டின் பவர் லிமிட்டை (அது இழுக்கக்கூடிய வாட்ஸின் உச்ச வரம்பை) 75, 80 வீதத்துக்கு இறக்குங்கள். வேகத்தில் ஐந்தாறு வீதம்தான் குறையும், கண்ணுக்குத் தெரியாது. சூடும் சத்தமும் குறையும். 32 பாகை வெயிலில் இருக்கிற நமக்கு இது பில்லுக்காக மட்டும் செய்கிற வேலையல்ல. நான் எந்தப் பெரிய கார்டையும் முழு வேகத்தில் ஓடவிடுவதில்லை. எஃப்பிஎஸ்ஸை (செக்கனுக்கு எத்தனை படம் என்பதை) மொனிற்றரின் ஹேர்ட்ஸுக்குக் கட்டிவைப்பதும் உதவும்.

வல்வெட்டித்துறை வாசகர்: வீடு கடற்கரையில் இருந்து கல்லெறி தூரம். உப்புக் காற்று கார்டைக் கெடுக்குமா?

கெடுக்கும், மெதுவாக. வாடைக் காற்று நேரே கடலில் இருந்து உங்கள் யன்னலுக்குத்தான் வருகிறது. அந்த யன்னல் பக்கத்தில் இருந்து கேசிங்கை அறையின் மற்ற மூலைக்குத் தள்ளுங்கள். உப்பும் தூசும் சேர்ந்து ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஸ்குரூ துருப்பிடிக்கத் தொடங்கினால் உள்ளேயும் தொடங்கிவிட்டது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெல்லிய பிரஷ்ஷாலும் புளோவராலும் துப்புரவாக்குங்கள். ஊதும்போது ஃபானை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுற்றவிடவேண்டாம். ஈரத் துணி கூடாது. வாரக்கணக்கில் மூடி வைப்பதைவிட அடிக்கடி ஓடவிடுவது நல்லது. உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் புழுதிக்காரர்களுக்கும் இதே பதில்தான்.

கிளிநொச்சி வாசகர்: கொழும்பில் பூட்டிய கொம்பியூட்டரை அப்படியே பஸ்ஸில் ஏற்றி அனுப்பலாமா?

கார்டைக் கழற்றி அதன் பெட்டியில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு கிலோ இரும்பை ஒரு ஸ்லொட்டில் தொங்கவிட்டு கொழும்பில் இருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் குலுக்கினால், கொக்கிப் பக்கம் கார்டின் போர்ட் கீறல் விடும். அதற்கு வாரண்டியும் இல்லை. வந்த பிறகு பூட்டும்போது அடியில் ஒரு தாங்கு கொடுங்கள்.

திருநெல்வேலி வாசகர்: பாவித்த 3090 ஒன்று வருகிறது. கிரிப்டோ நாணயம் உண்டாக்கும் மைனிங் வேலைக்குப் பாவித்த கார்ட் என்று நண்பர்கள் பயப்படுத்துகிறார்கள்.

எதேரியம் என்ற நாணயத்தின் மைனிங் 2022 செப்டெம்பரில் கார்டைக் கைவிட்டுவிட்டது. எனவே கார்ட் அதில் உழைத்திருந்தாலும் பழைய கதை. 3090இல் பார்க்க வேண்டியது மெமரிச் சூடு, ஏனென்றால் பாதி மெமரி கார்டின் முதுகில் இருக்கிறது. விற்பவரின் வீட்டிலேயே அரை மணித்தியாலம் ஓடவிட்டுப் பாருங்கள். மெமரி 100 பாகையைத் தாண்டினால் தெர்மல் பேட் (சூட்டைக் கடத்தும் மெத்தை) மாற்ற வேண்டும், விலையில் கழியுங்கள். படம் பார்த்துக் காசு அனுப்பவேண்டாம். உள்ளே சிப்பையே கழற்றி எடுத்த வெறும் 4090கள் வெளிநாட்டுச் சந்தையில் விற்கப்பட்டிருக்கின்றன. அப்புறம், இதுவும் 350 வாட்ஸ் கார்ட். பவர் சப்ளையின் பெயரைப் பாருங்கள்.

இணுவில் வாசகர்: 5090இல் ஹொட் ஸ்பொட் (சிப்பில் மிகச் சூடான இடம்) சூடு காட்டவில்லை. மென்பொருள் பிழையா?

இல்லை. 50 வரிசையில் என்விடியா அதைக் காட்டுவதை நிறுத்திவிட்டது. மெமரிச் சூட்டைப் பாருங்கள். நேரம் இருந்தால் கார்டின் விபரம் காட்டும் ஜிபியூ-சீ மென்பொருளைத் திறந்து, ஆர்ஓபி (சிப்பில் படத்தை முடித்துத் தரும் பகுதிகள்) 176 என்று இருக்கிறதா எனவும் பாருங்கள். ஆரம்பத்தில் வந்த சிலவற்றில் 168தான் இருந்தது. அப்படியென்றால் கார்டைச் செய்த கம்பனியிடம் மாற்றிக் கேளுங்கள்.

பெயர் வேண்டாம், யாழ்ப்பாணம்: ஏ.எல். ஐசிடி படிக்கிறேன். படிப்புக்கு 5090 கட்டாயம் தேவை என்று நீங்கள் எழுதினால் அம்மா நம்புவா.

எழுதமாட்டேன். உங்கள் பாடத்தில் இருக்கிற பைத்தனுக்கு, கார்டே இல்லாத பழைய லப்டொப் போதும். அம்மாவுக்கும் வணக்கம் சொன்னதாகச் சொல்லுங்கள்.