டர்பனில் ஒரே மாலையில் ஆற்றங்கரைச் சைக்கிளும் போல்டரிங்கும்: எதை முதலில் வைப்பது, எப்படித் திட்டமிடுவது?

கேள்வி இதுதான்: டர்பனில் நாலைந்து நண்பர்கள். ஒரு மாலையில் கடற்கரை நடைபாதை வழியே உம்கேனி ஆற்று முகத்துவாரம் வரை சைக்கிளில் போய்வர வேண்டும். அதே மாலையில் ஊருக்குள் உள்ள உள்ளரங்கச் சுவரில் போல்டரிங்கும், அதாவது கயிறில்லாமல் தாழ்வான சுவரில் ஏறுவதும், செய்ய வேண்டும். இருவர் இதுவரை சுவரே ஏறியதில்லை.

சைக்கிள் முதலில், சுவர் பிறகு. ஏறிப் பழகியவர்கள் பலர் இதற்கு நேர்மாறாகச் சொல்வார்கள்: உடம்பு களைக்கும் முன்பே ஏறிவிடு என்று. தன் எல்லையை ஒட்டிய கடினமான ஏற்றங்களில் உழைப்பவருக்கு அது சரி. உங்கள் மாலைக்குச் சரிவராது. முதல் காரணம் வெளிச்சம். ஜூன் கடைசியில் டர்பனில் மாலை 5 மணி தாண்டியதும் சூரியன் மறைந்துவிடும். டிசம்பர், ஜனவரியில்கூட 7 மணியளவில் மறைந்துவிடும். அந்தி அரை மணி நேரத்துக்குமேல் நீளாது. இருட்டிய பிறகு ஆற்றுப் பக்கம் சைக்கிளோடு நிற்பது பாதுகாப்பல்ல. சுவருக்கு விளக்கு உண்டு, ஆற்றுக்கு இல்லை.

இரண்டாவது காரணம் கை. ஒன்றரை மணி நேரம் சுவரில் தொங்கியபின் முன்கைத் தசை கல்லாக இறுகி, விரல்கள் மடங்கவே மறுக்கும். அந்தக் கையால் பிரேக் பிடித்தால் அழுத்தம் போதாது. ஒரு குழந்தை குறுக்கே ஓடி வந்தால் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. சைக்கிளும் சுவரும் பொதுவில் தேய்ப்பது காலையல்ல, கையைத்தான். அதனால் இந்த மாலையின் திட்டத்தைக் கையை மனதில் வைத்தே போடுங்கள்.

பாதை எளிது. தெற்கு முனையில் உள்ள யுஷாகா கடல்சார் பூங்காவின் பக்கத்திலிருந்து, வடக்கே ஆற்று முகத்துவாரத்தில் உள்ள ப்ளூ லகூன் வரை நடைபாதை சுமார் 8 கி.மீ., முழுக்கச் சமதளம். மணிக்கு 14, 15 கி.மீ. வேகத்தில் போக அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நின்று நின்று போய்வர ஒன்றரை மணி நேரம் வையுங்கள். நடப்பவர்கள், ஸ்கேட் பலகைக்காரர்கள், தள்ளுவண்டிக் குழந்தைகள் எல்லாரும் அதே பாதையில்தான் இருப்பார்கள். ஆகவே ஒருவர் பின் ஒருவராகப் போங்கள், மணியைத் தயங்காமல் அடியுங்கள். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி சைக்கிளில் ஹெல்மெட் கட்டாயம். அது நடைபாதையில் எதற்கு என்று கேட்கும் நண்பர் ஒருவர் எப்போதும் இருப்பார், அவருக்கும் சேர்த்து ஒன்று எடுத்து வையுங்கள்.

புறப்படும் முன் காற்றைப் பாருங்கள். டர்பனில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோதான் வரும், அதாவது கரையை ஒட்டியே. வடகிழக்குக் காற்று வீசினால் யுஷாகாவில் தொடங்குங்கள்: போகும்போது எதிர்காற்று, களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில். தென்மேற்கு என்றால் ப்ளூ லகூன் முனையில் காரை நிறுத்திவிட்டுத் தெற்கு நோக்கிப் போய்த் திரும்புங்கள். புதியவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். போகும்போது காற்று தள்ளிக்கொண்டு போவது தெரியாமல் நமக்குத்தான் கால் வலிமை என்று நினைத்து, திரும்பும் வழியில் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தே கையைத் தீர்த்துவிடுவார்கள். குளிர்காலத்தில் உள்நாட்டு மலைப்பக்கத்திலிருந்து சூடான வறண்ட காற்று வீசும் நாளில் இன்னும் கவனம் தேவை. அந்தச் சூடு சட்டென அடங்கி, தென்மேற்கிலிருந்து குளிர்காற்று பலமாகப் புகும். வானம் தெற்கில் கறுத்தால் எங்கே இருந்தாலும் வண்டியைத் திருப்புங்கள்.

வாடகை வண்டி எடுத்தால் மூன்றைச் சோதித்துப் பாருங்கள். முன் பிரேக் எந்தக் கைப்பக்கம் என்பது வண்டிக்கு வண்டி மாறும். தள்ளியபடியே ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். லீவர் ஹேண்டில்பாரைத் தொடும்வரை மடங்கினால் அந்த வண்டி வேண்டாம். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்கினால் கால் நேராக நீள வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் முட்டி வலிக்கும். டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். 40 மில்லிமீட்டர் அகல டயருக்கு 45 முதல் 50 பிஎஸ்ஐ போதும். அதற்கு மேல் ஏற்றினால் கல் பாவிய இடங்களில் அதிர்வு முழுவதும் உள்ளங்கைக்குப் போய், சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். உள்ளங்கையின் வெளிப்பக்கம் ஓடும் நரம்பு நசுங்குவதால் வருவது அது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள், முழங்கையைத் தளர்த்துங்கள். மெத்தை வைத்த கையுறை இருந்தால் நல்லது, தோலும் மிஞ்சும்.

ப்ளூ லகூனில் ஆறு கடலில் கலக்கிறது. எல்லிஸ் பிரவுன் பாலத்தைத் தாண்டி மறுகரையில் தெரியும் பச்சைத் திட்டு பீச்வுட் அலையாத்திக் காடு. பிச்சாவரத்தில் படகில் போய்ப் பார்க்கும் அதே வெண்கண்டல் மரம் இங்கும் சேற்றில் மூச்சுவேரை நீட்டிக்கொண்டு நிற்கிறது. நீர் வடியும் நேரத்தில் கொக்குகளும் நாரைகளும் அந்தச் சேற்றில் இறங்கும். பத்து நிமிடம் நின்று பார்க்கத் தகுந்த இடம். ஆனால் தண்ணீரில் கைவைக்காதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர்க் குழாய்களும் சுத்திகரிப்பு நிலையங்களும் சேதமடைந்தபின் ஆற்றிலும் கடற்கரையிலும் மாசு பெருத்து, கடற்கரைகளையே மூட வேண்டியிருந்தது. இன்னும் இரண்டு மணி நேரத்தில் உங்கள் விரல்தோல் சுவரில் உராய்ந்து திறக்கப்போகிறது. அழுக்குத் தண்ணீர் பட்ட கையோடு அங்கே போகக் கூடாது.

கரையோரப் புல்லில் வண்டியை உருட்டாதீர்கள். இங்கே டெவில் தார்ன் என்று சொல்வது வேறொன்றுமில்லை, நம் நெருஞ்சிதான். முள் டயரைத் துளைத்து டியூப் வரை போய்விடும், உடனே காற்றும் இறங்காது; அரைக் கிலோமீட்டர் கழித்துத்தான் பின்பக்கம் நெளியும். டியூப் மாற்றுவது பலருக்குத் தெரியும், தவறுவது அதற்கு முந்தைய படியில். பழைய டியூபைக் கழற்றியதும் டயரின் உட்புறத்தை ஒரு துணியால் முழுச் சுற்றும் மெதுவாகத் துடைத்து வாருங்கள். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே முள்நுனி இருக்கிறது. நெருஞ்சியின் தலை வெளியே ஒடிந்து விழுந்திருக்கும், கூர் மட்டும் ரப்பருக்குள் நிற்கும், வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. அதை எடுக்காமல் புது டியூபைப் போட்டால் இரண்டு நிமிடத்தில் இரண்டாவது பங்க்சர். ஒட்டுப்போடுவதானால் உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி, பளபளப்பு மறைந்து மங்கும்வரை நாலைந்து நிமிடம் காத்திருந்த பிறகே ஒட்டை வைத்து அழுத்துங்கள். ஈரப் பசையில் வைத்த ஒட்டு காற்றடிக்கும்போதே நழுவும். டியூப் இல்லாத டயரில் உள்ளே அடைப்புத் திரவம் இருந்தால் முள்ளைப் பிடுங்காமல் வீடுவரை ஓட்டுங்கள். முள்ளே துளையை அடைத்துக்கொண்டிருக்கும். ஐந்து பேருக்கு இரண்டு டியூப், ஒரு பம்பு, இரண்டு டயர் நெம்பி, ஒரு ஒட்டுப் பெட்டி போதும். ஒரு ஜோடி மெல்லிய ரப்பர் கையுறையும் வையுங்கள், செயின் கறுப்பு கையில் ஒட்டினால் சுவர்வரை உங்களோடு வரும்.

வண்டியை வாடகைக் கடையில் விட்டதும் அல்லது காரில் ஏற்றியதும் சுவருக்குப் போய்விடலாம். வண்டியைக் காரின் பின்னால் மாட்டினால் நம்பர் பிளேட் மறையக் கூடாது. இடையில் அரை மணி நேரம் ஆறட்டும். ஒரு வாழைப்பழம், அரை லிட்டர் தண்ணீர். பிறகு சோப்புப் போட்டு மணிக்கட்டுக்கு மேல்வரை இரண்டு முறை கழுவுங்கள். சன்ஸ்க்ரீன்தான் இங்கே எதிரி: விரல்நுனியில் எண்ணெய்ப் படலமாக நிற்கும், வேர்வையை உறிஞ்ச ஏறுபவர்கள் கையில் பூசும் வெள்ளைத் தூளான சாக்கோடு சேர்ந்து பசையாகும், பிறகு நீங்கள் தொட்ட பிடியை அடுத்தவராலும் பிடிக்க முடியாது. குச்சி வடிவ சன்ஸ்க்ரீன் வாங்கினால் விரலில் படாமலே பூசலாம். கோடையில் டர்பன் காற்று ஈரத்தால் கனத்திருக்கும், கை வேர்த்துக்கொண்டே இருக்கும். முதலில் லிக்விட் சாக் ஒரு பட்டாணி அளவு தடவி உலரவிட்டு, அதன்மேல் தூள் சாக் போடுங்கள். லிக்விட் சாக்கில் ஆல்கஹால் இருக்கிறது, கீறல் இருந்தால் எரியும்.

போல்டரிங் சுவர் பெரும்பாலும் 4, 4.5 மீட்டர் உயரம். கயிறு கிடையாது, கீழே தடித்த மெத்தை. ஒவ்வொரு ஏற்றத்தையும் ப்ராப்ளம் என்பார்கள். ஒரே நிறப் பிடிகளை மட்டும் பயன்படுத்தி ஏற வேண்டும். நிறத்துக்கும் கடினத்துக்கும் உள்ள கணக்கு அரங்குக்கு அரங்கு மாறும், நுழைந்ததும் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். போல்டரிங்கின் கடினத்தை அளக்கும் வி அளவுகோலில் புதியவர்கள் விபி (தொடக்க நிலை), வி0, வி1க்குள் இருங்கள். கடினமான முனையில் அது வி17 அளவுக்குப் போகிறது. இந்த நாட்டிலேயே மேற்கு கேப் மாகாணத்தின் ராக்லண்ட்ஸ் பாறைகளுக்கு, குளிர்காலத்தில் உலகெங்கிலும் இருந்து போல்டரிங்காரர்கள் வருகிறார்கள்.

ஏறக் கற்பதற்கு முன் விழக் கற்க வேண்டும். புதியவர்கள் இருவரையும் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஐந்து முறை விழச் சொல்லுங்கள்: இரண்டு பாதமும் ஒன்றாகத் தரையில், முட்டி மடங்கி, அப்படியே பின்னால் முதுகில் உருண்டு, கைகள் மார்போடு. கையைப் பின்னால் ஊன்றுவதுதான் எல்லாருக்கும் வரும் முதல் பழக்கம். மணிக்கட்டும் முழங்கையும் உடைவது அதனால்தான். மேலே தொட்டதும் குதிக்காதீர்கள், முடிந்தவரை பிடி பிடியாக இறங்கி, கடைசி ஒரு மீட்டரை மட்டும் குதியுங்கள். ஏறிக்கொண்டிருப்பவரின் அடியில் யாரும் நடக்கவோ உட்காரவோ வேண்டாம், தண்ணீர்ப் புட்டி மெத்தைமேல் இருக்கவே வேண்டாம்.

சைக்கிள் ஓட்டியதில் மூச்சும் காலும் சூடாகியிருக்கும், விரலும் தோளும் ஆகியிருக்காது. இதை மறந்துதான் பலர் நேராகக் கடினமான சிறு பிடிகளில் தொங்குகிறார்கள். விரல் எலும்போடு தசைநாணைப் பிடித்து வைத்திருக்கும் மெல்லிய வளையங்கள் இருக்கின்றன. விரலை மடக்கி நுனியால் மட்டும் சிறு பிடியைக் கவ்வும்போது முழு எடையும் அவற்றின்மேல் விழும். ஒன்று அறுந்தால் மாதக்கணக்கில் ஏற முடியாது. எனவே தோளைச் சுழற்றிவிட்டுப் பெரிய பிடிகளில் ஆறேழு எளிய ப்ராப்ளம் ஏறுங்கள். முதல் சில மாதங்கள் நுனிக்கவ்வல் வேண்டாம், திறந்த விரலால் பிடியுங்கள்.

ஏறும்போது கையை நீட்டியே வையுங்கள். மடக்கிய கை ஒரு நிமிடத்தில் தீரும், நீட்டிய கையில் எலும்பு தாங்கும். பாதத்தின் நடுவை வைக்காமல் பெருவிரல் பக்கத்தை வையுங்கள், அப்போதுதான் இடுப்பைச் சுவரோடு திருப்ப முடியும். வாடகைக் காலணி விரல்நுனி முன்னால் இடிக்கும் அளவு போதும், வலிக்கக் கூடாது; மெல்லிய சாக்ஸ் கொண்டுபோங்கள். கடினமான முயற்சிகளுக்கு நடுவே மூன்று நிமிடம் முழுதாக ஓய்வெடுங்கள். நண்பர்கள் கூட்டமாக இருப்பதன் பயன் இதுதான், ஐந்து பேர் முறைவைத்து ஏறினால் ஓய்வு தானாக வந்துவிடும். மொத்தம் 75 நிமிடம். விரல்நுனி இளஞ்சிவப்பாகிப் பளபளத்தால் அன்றைக்குப் போதும்.

தோல் மடலாகப் பெயர்ந்தால் பிய்க்காதீர்கள். கழுவி, நகவெட்டியால் ஓரமாக வெட்டி, அரை அங்குல டேப்பைச் சுற்றுங்கள். பிறகு ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பிய பன்னி சௌ சாப்பிடப் போவதாக இருந்தால் இந்த டேப் கட்டாயம், ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்க்கும் விரலில்தான் மிளகாய் ஏறும். புரட்டாசியில் மரக்கறி மட்டும் என்று இருப்பவர்களுக்கு சுகர் பீன்ஸ் பன்னி எங்கும் கிடைக்கும். ஏறுவதற்கு முன் அது வேண்டாம், கால் ரொட்டி பன்னியே வயிற்றில் கனத்து உட்காரும்.

வெளியே பாலத்து மதில், கடல்சுவர் என்று ஏற ஆசைப்படுவோருக்கு ஒரு வார்த்தை. உப்புக்காற்றில் காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பி, மேல்பூச்சு பலகையாகப் பெயர்ந்து வரும், கையோடு சேர்ந்தே வரும். அனுமதியும் இல்லை, கீழே மெத்தையும் இல்லை. பாறை வேண்டுமென்றால் ஊருக்கு வெளியே மணற்கல் இருக்கிறது. தெரிந்தவர்களோடு பகலில் போங்கள், மழை பெய்திருந்தால் இரண்டு நாள் விட்டுப் போங்கள். ஈர மணற்கல்லில் பிடி உடைந்துவிடும்.

சொந்த வண்டியானால் அன்றிரவே நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள், பீய்ச்சி அடித்தால் பேரிங்குக்குள் மணல் போகும். துணியால் துடைத்து, செயினின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுச் சுற்றி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். கடற்கரை உப்போடு இரண்டு இரவு நின்ற செயின் செந்நிறமாகிவிடும்.