பெயர் எழுதிய ஊசி டப்பா

கேள்வி: மூட்டுவலிக்கு ஓர் அக்குபஞ்சர் நிலையத்துக்குப் போகிறேன். என் பெயர் எழுதிய டப்பாவில் ஸ்பிரிட் ஊற்றி, என் ஊசிகளைப் போட்டு வைத்து, ஒவ்வொரு முறையும் அதையே குத்துகிறார்கள். "உங்க ஊசி உங்களுக்குத்தானே, அப்புறம் என்ன பயம்?" என்கிறார் சிகிச்சையாளர். கையுறையும் போடுவதில்லை. பத்து சிட்டிங்குக்கு முன்பணம் கட்டிவிட்டேன். தொடரலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: இந்த முறையில் தொடர வேண்டாம். கையுறையைவிட டப்பாதான் பெரிய சிக்கல். ஸ்பிரிட்டில் ஊறப்போட்டால் ஊசி ஸ்டெரைல் (கிருமியே இல்லாததாக) ஆகாது. சில பாக்டீரியாக்களின் வித்துகள் அதில் சாவதே இல்லை. அவசரத்தில் டப்பா மாறிப்போனால் அடுத்தவர் ரத்தம் பட்ட ஊசி உங்களுக்கு வரும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே ஏழு நாளாவது தாங்கும். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 1984-ல் ஒரே அக்குபஞ்சர் சிகிச்சையகத்தில் 35 பேருக்கு அந்த நோய் பரவியது. டப்பா மாறவே மாறாது என்று வைத்துக்கொண்டாலும், குத்திக் குத்தி முனை மழுங்கிய ஊசி வலிக்கத்தான் செய்யும்.

ஒருமுறை குத்தி எறியும் ஸ்டெரைல் ஊசி ஒன்று சில ரூபாய்தான். அதில் மிச்சம் பிடிக்கிறவர் வேறு எதில் பிடிக்கிறாரோ! உங்கள் கண் முன்னே பேக்கெட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள். பேக்கெட் கிழியாமல், காலாவதி தேதியும் பேட்ச் எண்ணும் அச்சிட்டு இருக்க வேண்டும். எடுத்த ஊசி குத்திக் கிழியாத வெள்ளை டப்பாவுக்குள் போக வேண்டும். சாதாரணக் குப்பைக்கூடை கண்ணில் பட்டால் எழுந்து வந்துவிடலாம்.

சரி, கையுறை. சாதாரணமாக ஊசி குத்த அது கட்டாயமில்லை. சோப்புப் போட்டுக் கழுவிய கையும், ஊசியில் உடலுக்குள் போகும் பகுதியை விரலால் தொடாத பழக்கமும் போதும். போட்ட கையுறையோடு போனை எடுத்து, கதவைத் திறந்து, அடுத்த நோயாளியையும் தொடுகிறவரைவிட வெறுங்கையைக் கழுவுகிறவர் மேல். ஆனால் ஹிஜாமா (தோலைக் கீறி, கப் வைத்து ரத்தம் உறிஞ்சும் முறை) போல ரத்தம் எடுப்பதென்றாலும், சிகிச்சையாளர் கையில் புண் இருந்தாலும் கையுறை வேண்டும். ஆளுக்கு ஆள் மாற்றவும் வேண்டும்.

மீதிப் பணத்தை எழுத்தில் கேளுங்கள், ரசீதை விடாதீர்கள். மறுத்தால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

கேள்வி: புதிதாக அக்குபஞ்சர் நிலையம் தொடங்குகிறேன். லேடெக்ஸ் கையுறை வாங்கவா, நைட்ரில் வாங்கவா? வேறென்ன வேண்டும்?
– வாசகர், மதுரை

பதில்: பவுடர் இல்லாத நைட்ரில் (செயற்கை ரப்பர்). லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) சிலருக்கு ஒவ்வாது. படுக்கைக்கு ஆளுக்கொரு காகித விரிப்பு, பயன்படுத்திய ஊசியை எறியும் வெள்ளை டப்பா, கை கழுவ குழாய்த் தண்ணீர் ஆகியவை இல்லாமல் திறக்காதீர்கள். மருத்துவக் கழிவை எடுத்துச் செல்ல அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தோடு ஒப்பந்தமும் போட்டுவிடுங்கள்.

கடையில் எதையும் வாங்கும் முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. பயன்படுத்திய ஊசி உங்களைக் குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்புத் தண்ணீரில் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்; எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.