மேலே தெரிகிற ஓட்டையெல்லாம் எண்ணெய் ஊற்ற அல்ல

கேள்வி: வேல்ஸில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். கான்வி, கெர்னார்வன் கோட்டைகளைப் பார்க்கத் திட்டம். ‘மச்சிகொலேஷன்’, ‘மர்டர் ஹோல்’ இரண்டுக்கும் தமிழில் என்ன என்று பேத்தி கேட்கிறாள். செல்போன் செயலி இரண்டையும் ‘கொலைத்துளை’ என்கிறது. இரண்டுமே கொதிக்கும் எண்ணெய் ஊற்றத்தானே?

பதில்: இல்லை, இரண்டும் வேறு. நீங்கள் எங்கே நின்று அண்ணாந்து பார்க்கிறீர்கள் என்பதை வைத்துச் சொல்லிவிடலாம்.

வாசலுக்கு வெளியே நில்லுங்கள். மதில் உச்சியில் கற்கள், கோயில் தூணின் போதிகை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் மேல் கைப்பிடிச் சுவர். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே தளம் இருக்காது, திறந்தே இருக்கும். அதுதான் மச்சிகொலேஷன். சுவரடிக்கு வந்துவிட்டவன் மீது, தலையை வெளியே நீட்டாமலே கல்லைப் போடலாம். கான்வி வாசலில் நன்றாகத் தெரியும். வாசலுக்குள் நுழைந்தபின் நடைவழிக் கூரையில் ஓட்டை இருந்தால் அது மர்டர் ஹோல். பேத்தியிடம் ‘மதில்தலைப் புழை’, ‘வாசல்கூரைப் புழை’ என்று சொல்லுங்கள், போதும். புழை என்றால் துளை, நம் பழைய சொல். அம்பு எய்யும் துளைக்கு ஏப்புழை என்றே பெயர். மதில் மேல் பல்வரிசையாக நிற்பது ஞாயில். அம்பை விட்டுவிட்டு அதன் பின்னால் மறைந்துகொள்ளலாம். மேலிருந்து இறங்கும் போர்ட்கல்லிஸ் கதவுக்கு நெருங்கிய சொல் சீப்பு. இவ்வளவு இருந்தும், நம் பாடப்புத்தகமும் கலைச்சொல் பட்டியலும் மதிலில் எது துருத்தினாலும் ‘கொத்தளம்’ என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். கேட்டால் பதில் வராது, கமிட்டிதான் வரும்.

சரி, எண்ணெய். மதுரை மதில் பொறிகளில் ‘வெந்நெய்’ சிலப்பதிகாரத்திலேயே வருகிறதே என்பீர்கள். வருகிறது, மறுக்கவில்லை. கி.பி. 67இல் கலிலேயாவின் யோதபாத்தாவில் ரோமானியர் மீது கொதிக்கும் எண்ணெயை ஊற்றியதாக அங்கே இருந்த யூத வரலாற்றாசிரியர் யோசேபஸே எழுதியிருக்கிறார். அது ஒலிவ மரங்கள் நிறைந்த நாடு. எண்ணெய் கவசத்தின் இடுக்கில் புகுந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும், தண்ணீரைப் போல் சீக்கிரம் ஆறாது. ஆக, எண்ணெய் மலிவாகக் கிடைத்த ஊரில் ஊற்றியிருக்கிறார்கள். வடக்கு வேல்ஸில் ஒலிவ மரத்துக்கு எங்கே போவது? இருக்கிற கொழுப்பு விளக்குக்கும் அடுப்படிக்கும் வேண்டும். கல் சும்மா கிடைக்கும். வாசல்கூரைப் புழை வழியாகத் தண்ணீரும் ஊற்றலாம். மரக்கதவுக்கு எதிரி வைத்த தீயை அணைக்க வேண்டுமே.

கொழுப்பை வேறு விதமாகச் செலவழித்த மன்னர் ஒருவர் உண்டு. 1215இல் இங்கிலாந்தின் ராச்செஸ்டர் கோட்டையை முற்றுகையிட்ட அந்நாட்டு மன்னர் ஜான், கோபுர மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, நாற்பது பன்றிகளின் கொழுப்பை வைத்துக் கொளுத்திச் சரித்தார். சதுரமாக இருந்த அந்த மூலையைப் பிறகு வட்டமாகக் கட்டினார்கள். இன்றும் அந்த ஒரு மூலை மட்டும் மற்ற மூன்றோடு ஒட்டாமல் நிற்கிறது.

இனி என் எச்சரிக்கை. ‘ஒரே நாளில் ஐந்து கோட்டை, தமிழ் வழிகாட்டியுடன்’ என்று விற்கும் இடைத்தரகர்களிடம் சிக்காதீர்கள். எனக்கு வாய்த்த ஒருவர் பாதி நாளைச் சாப்பாட்டுக் கடையில் கழித்துவிட்டு, மதிலில் தெரிந்த ஓட்டை ஒவ்வொன்றையும் ‘எண்ணெய் ஓட்டை’ என்றார். கான்வி கோபுரங்களைச் சுற்றிச் சாய்வாக ஏறும் சின்னச் சின்னச் சதுர ஓட்டைகள், கொத்தனார் சாரம் கட்ட விட்டவை! கோட்டைகளை வேல்ஸ் அரசின் காடூ அமைப்புதான் பராமரிக்கிறது. டிக்கெட்டை அங்கேயே நேராக வாங்குங்கள். கான்விக்கு ஒரு நாள், கெர்னார்வனுக்கு ஒரு நாள். கெர்னார்வனில் ‘மன்னர் வாசல்’ என்ற நுழைவாயிலுக்கு ஐந்து கதவு, ஆறு சீப்பு என்று திட்டம் போட்டார்கள், கட்டி முடிக்கவே இல்லை.

கான்வியில் ஊர் மதிலையும் சுற்றி வாருங்கள். தெற்குப் பக்கம் வரிசையாகப் பன்னிரண்டு இடத்தில் கல் வெளியே நீட்டி, நடுவில் திறந்திருக்கும். அசல் மதில்தலைப் புழை போலவே தெரியும். அதற்கு அடியில் நின்று படம் எடுக்கும்போது பேத்தியிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்: அவை அரச அலுவலர்களுக்குக் கட்டிய கழிப்பறைகள்.