மலேரியா மருந்தை ஒட்டுண்ணிக்கே குறிவைத்து அனுப்ப முடியுமா?

புற்றுநோயில் செய்வதுபோல் மலேரியாவிலும் மருந்தை நேராக ஒட்டுண்ணியிடம் சேர்க்க முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு வகையில் ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்து அதை ஏற்கெனவே செய்கிறது. சிவப்பணுவுக்குள் ஒட்டுண்ணி ஹீமோகுளோபினைத் தின்னும்போது இரும்புள்ள ஹீம் வெளிப்படும். அது பட்டதும் மருந்தின் பெராக்சைடு பிணைப்பு உடைந்து, ஒட்டுண்ணியின் புரதங்களைத் தாக்குகிறது. தொற்றில்லாத அணுக்களில் இந்த வினை அவ்வளவாக நடக்காது. அருமையான வேதியியல்! ஆர்ட்டிமிசினினைக் கண்டறிந்த சீன விஞ்ஞானி து யூயூவுக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது.

உண்மையான சிக்கல் கல்லீரலில்தான். வைவாக்ஸ் என்ற வகை மலேரியா ஒட்டுண்ணி அங்கே உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்துக்கூட மறுபடி காய்ச்சலைக் கொண்டுவரும். அதைக் கொல்லும் பிரைமாகுவினைப் பொதுவாக 14 நாள் சாப்பிட வேண்டும். காய்ச்சல் நின்றதும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம், சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி நொதி குறைந்தவர்களுக்கு அந்த மருந்து அவற்றையே உடைத்துவிடலாம்.

சரி, மருந்தைச் சுமந்து செல்லும் நானோ துகள்கள்? இரத்த நாளத்தில் செலுத்தும் லைப்போசோம்கள் என்ற நுண்ணிய கொழுப்புக் குமிழிகள் இயல்பாகவே கல்லீரலுக்குப் போகும். ஆனால் அங்குள்ள குப்ஃபர் அணுக்கள் என்ற காவல் அணுக்கள் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஒட்டுண்ணி ஒளிந்திருப்பதோ பக்கத்திலுள்ள ஹெப்பட்டோசைட் என்ற முதன்மைக் கல்லீரல் அணுக்களில். அதனால் அவற்றை மட்டும் அடையாளம் காணும் சர்க்கரை மூலக்கூறுகளைத் துகளின்மேல் ஒட்டிப் பார்க்கும் ஆய்வுகளைத்தான் நான் ஆவலோடு கவனிக்கிறேன்.