180 கிலோமீட்டர் தள்ளிப் படிப்பு: போய் வரலாமா, குடிபோகலாமா?

கேள்வி: இரண்டு வருடப் பகுதிநேர முதுகலைப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. வேலையை விடப் போவதில்லை. அலுவலகம் வீட்டுக்குப் பக்கத்திலேயே. பல்கலைக்கழகம் 180 கிலோமீட்டர் தூரம். வீட்டு வாசலிலிருந்து வகுப்பறைக்கு மூன்று மணி நேரம். செவ்வாயும் வெள்ளியும் மாலை வகுப்பு, இரவு எட்டரைக்கு முடியும். போக்குவரத்துச் செலவுக்கும் அங்கே ஓர் அறை வாடகைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கேயே குடிபோய்விடலாமா?

பதில்: கணக்குப் போட்டீர்கள், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். நீங்கள் குடிபோனால் அலுவலகமும் கூடவே வராது. வகுப்புக்காக வாரம் 12 மணி நேரம் அலைய வேண்டியிருக்கிறதே என்று வீட்டை மாற்றினால், வேலைக்காக வாரம் 30 மணி நேரம் அலைய வேண்டிவரும். அந்த ஊர்க் கிளைக்கு மாற்றல் உத்தரவோ, வீட்டிலிருந்து வேலை செய்ய எழுத்துப்பூர்வமான அனுமதியோ கையில் இருந்தால் குடிபோவதைப் பற்றி யோசியுங்கள். மேலதிகாரி வாய்வார்த்தையாக “பார்த்துக்கலாம்” என்று சொன்னதை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அதற்காக ஒவ்வொரு வகுப்புக்கும் போய் வருவதுதான் சரி என்றும் சொல்ல மாட்டேன். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் படிப்பின் சுமையைக் கிரெடிட் கணக்கில் அளக்கும் ஈசிடிஎஸ் முறையில், ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. முழுநேர மாணவருக்கு ஆண்டுக்கு 60 கிரெடிட். அதில் பாதியை எடுத்தாலே 750 முதல் 900 மணி நேரம் ஆகிறது. ஆண்டுக்கு 30 வாரம் வகுப்பு என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு 25 மணி நேரத்துக்குக் குறையாது. அதே 30 வாரத்தில் உங்கள் பயணம் மட்டும் 360 மணி நேரத்தை விழுங்கும். வேலைக்கு 40 மணி நேரம் போக, இந்த இரண்டும் சேர்ந்தால் தூக்கத்தில்தான் கைவைக்க வேண்டியிருக்கும்.

‘ரயிலில் படித்துக்கொள்ளலாமே’ என்று எல்லோரும் நினைப்பார்கள். மூன்று மணி நேரத்தில் ஸ்டேஷனுக்குப் போவது, காத்திருப்பது, இறங்கி உள்ளூர் பஸ் பிடிப்பது எல்லாம் அடக்கம். உட்கார இடம் கிடைத்த ரயில் நேரத்தில் பாதியை மட்டும் படிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் அதுவும் வேண்டாம்: கண் அசையாத பக்கத்தைப் பார்க்க, உள்காது குலுக்கலை உணர, பத்து நிமிடத்தில் பலருக்குக் குமட்டும். பயணத்தில் ஆகக்கூடியது, பதிவு செய்த விரிவுரையைக் கேட்பதும் ஏற்கெனவே படித்த கட்டுரையில் அடிக்கோடு போடுவதும்தான். புதிதாக எழுத உட்கார்ந்தால் ஒரு பத்தி தேறாது.

எனக்கு அதிகக் கவலை தருவது திரும்பி வரும் இரவுதான். காலை 6 மணிக்கு எழுந்தவருக்கு இரவு 11 மணியோடு 17 மணி நேரம் விழிப்பு. அந்த நிலையில் எதிர்வினையின் வேகமும் கவனமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருக்கு எவ்வளவோ அவ்வளவுதான் இருக்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல நாடுகளில் வண்டி ஓட்டுவதற்கான சட்ட வரம்பே அதுதான். எட்டரைக்கு வகுப்பு முடிந்து கிளம்பினால் சரியாக அந்த நேரத்தில் நீங்கள் சாலையில் இருப்பீர்கள். காரோ பைக்கோ, நீங்களே ஓட்டிக்கொண்டு திரும்புவது கூடவே கூடாது. ரயில் என்றால், நீங்கள் பிடிக்கும் வண்டிக்குப் பிறகு இன்னொரு வண்டியாவது இருக்க வேண்டும். கடைசி வண்டியை நம்பினால் வாராவாரம் வகுப்பிலிருந்து பதினைந்து நிமிடம் முன்னதாக எழுந்து ஓட வேண்டியிருக்கும். அசைன்மென்ட் விவரமும் தேர்வுக்கு எது முக்கியம் என்பதும் பெரும்பாலும் அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் வரும்.

ஆகவே, தூரத்தை விட்டுவிட்டு டைம்டேபிளை மாற்றப் பாருங்கள். விருப்பப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது வெள்ளி மாலையும், செவ்வாய்க்குப் பதிலாகச் சனிக்கிழமை காலையும் அடுத்தடுத்து வரும்படி அமைய வழி உண்டா என்று துறை அலுவலகத்தில் கேளுங்கள். வெள்ளி இரவு அங்கே தங்கிச் சனிக்கிழமை மதியம் திரும்பினால் வாரப் பயணம் 12 மணி நேரத்திலிருந்து 6 மணி நேரமாகும். நடுராத்திரிப் பயணமும் இல்லை. ஆண்டுக்குச் சுமார் 30 இரவு தங்குவதற்காக 12 மாத வாடகை கட்ட வேண்டாம்; டைம்டேபிள் வெளியான அன்றே ஒரே விடுதியில் எல்லாத் தேதிக்கும் சேர்த்துப் பேசுங்கள். தேர்வு வாரத்துக்குத் தனியாக, முழு வாரத்துக்கும் பதிவு செய்யுங்கள். பல்கலைக்கழக ஹாஸ்டலை மட்டும் நம்பியிருக்க வேண்டாம், பல இடங்களில் முழுநேர மாணவர்களுக்கே முன்னுரிமை.

வருகைப்பதிவு விதியையும் எழுத்தில் வாங்கிப் படியுங்கள். 75 சதவீதம் கட்டாயம் என்றால், வாரம் ஒரு வகுப்பாக 15 வகுப்பு நடக்கும் பாடத்தில் 12 வகுப்புக்குப் போயாக வேண்டும், மூன்றுதான் விடலாம். இரண்டு நாள் ரயில் தாமதம், அலுவலகத்தில் ஒரு நாள் ஆடிட் என்றாலே அந்த மூன்றும் தீர்ந்துவிடும். இரண்டாம் ஆண்டுக்கும் இதே கிழமைகள்தானா, ஆய்வக வகுப்பு பகலில் வருமா, வழிகாட்டியை ஆன்லைனில் சந்திக்கலாமா என்பதும் கட்டணம் கட்டுவதற்கு முன்பே தெரிய வேண்டும். வாரம் நான்கு நாள் ஆய்வகத்தில் நிற்க வேண்டிய படிப்பு என்றால் நான் சொன்னதெல்லாம் செல்லாது: வேலையை மாற்றிக்கொண்டு குடிபோங்கள், அல்லது வேறு படிப்பைப் பாருங்கள்.

இந்த வெள்ளிக்கிழமையே ஒத்திகை பாருங்கள். ஞாயிறு வேண்டாம், அன்றைக்குக் கூட்டமும் வண்டி நேரங்களும் வேறு. அலுவலகத்திலிருந்து நேராகக் கிளம்பி, எட்டரை வரை வளாகத்தில் இருந்துவிட்டு, பொதுப் போக்குவரத்திலேயே வீடு திரும்புங்கள். மூன்று மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்களே, அது நான்காக இருந்தால் அன்றே தெரிந்துவிடும்.