பாய்ப்படகில் பிள்ளைகளையும் கூட்டிப் போகலாமா? கேள்வி பதில்

அண்ணை, எங்களுக்கு மூன்று வயதிலும் எட்டு வயதிலும் பிள்ளைகள். காங்கேசன்துறையிலிருந்து மாலைதீவுப் பக்கமாக ஒரு வருடம் போக யோசனை. கூட்டிப் போகலாமா?

போகலாம், ஆனால் ஒரு நிபந்தனை. கடல் கிளம்பி சின்னவர் சத்தி எடுக்கத் தொடங்கினால், உங்களில் ஒருவர் முழுதாகப் பிள்ளையோடு நின்றுவிடுவார். அப்போது மற்றவர் தனி ஆளாகப் பாயைச் சுருக்கி, சுக்கானைப் பிடித்து, நங்கூரமும் போட வேண்டும். இது இரண்டு பேருக்கும் முடியவேண்டும். அப்பாவுக்கு மட்டும் தெரிந்தால் போதாது. அவரே காய்ச்சலில் படுத்தால் படகு யார் கையில்?

முதலில் திருகோணமலைக்குப் போய்ப் பாருங்கள். சுமார் 110 கடல் மைல், 5 நொட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் 22 மணித்தியாலம். ஒரு இரவு கட்டாயம் வரும். பங்குனி, சித்திரையில் வாடைக்காற்று ஓய்ந்து, சோளகம் (தென்மேற்குக் காற்று) பிடிக்க முன்னம், கடல் படுத்திருக்கும். அந்த இரவை ஆளுக்கு ஆள் மாறித் தனியாகச் சமாளித்தால், காலித் துறைமுகத்திலிருந்து மாலைதீவுத் தலைநகர் மாலே வரையான மூன்றரை நாளைப் பற்றிக் கதைக்கலாம். அதற்கு நல்ல காலம் தை, மாசி. ஐப்பசி முதல் மார்கழி வரை வங்காள விரிகுடாவில் புயல் காலம், அப்போது பிள்ளைகளோடு வெளிக்கிட வேண்டாம்.

வல்வெட்டித்துறை அன்னபூரணிப் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்கா வரை பாய் விரித்துப் போனதே. எங்கள் ஆட்களுக்கு இது புதிதா?

புதிதில்லை. ஆனால் அதில் போனவர்கள் தொழில் தெரிந்த மாலுமிகள். சுக்கானை விட்டுவிட்டுப் பிள்ளைக்குச் சோறு தீத்த வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை.

லைவ் ஜக்கெற் போட்டால் போதாதா? கயிறும் கட்ட வேண்டுமா?

இரண்டும் வேண்டும். 5 நொட்டில் படகு ஒரு செக்கனுக்கு இரண்டரை மீற்றர் போகும். நீங்கள் திரும்பிப் பார்க்கப் பத்துச் செக்கன் ஆனால், பிள்ளை 25 மீற்றர் பின்னால். அலைக்குள் அந்தத் தலை ஒரு தேங்காய் அளவுதான் தெரியும், அதுவும் விட்டு விட்டு.

ஆகவே விழாமல் தடுப்பதுதான் வேலை. பாதுகாப்புக் கயிற்றை விளிம்போடு கட்டாதீர்கள். படகின் நடுவால், அணியம் (முன்பக்கம்) வரை இழுத்துக் கட்டுங்கள். பிள்ளையை அந்தக் கயிற்றோடு இணைக்கும் பட்டி ஒரு மீற்றருக்கு மேல் வேண்டாம். நீளப் பட்டியோடு விழுந்தால் படகோடு சேர்ந்து தண்ணீருக்குள் இழுபடும், கட்டியிருந்தும் மூச்சு முட்டும்.

சின்னப் பிள்ளைக்குத் தானாக ஊதும் ஜக்கெற் வேண்டாம், நுரை நிரப்பியதே நல்லது. கால்களுக்கு இடையால் போகும் பட்டி கட்டாயம். போட்டபின் தோள்பட்டையில் பிடித்துத் தூக்குங்கள்: ஜக்கெற் காதுவரை ஏறினால் அளவு பெரிது. பிறகு பிள்ளையின் இடுப்பளவு ஆழத்தில், நீங்கள் பக்கத்தில் நின்று, மிதக்கவிட்டு முகம் மேலே வருகிறதா பாருங்கள்.

சுற்றிவரக் கட்டும் வலை ஒரு துணைதான், அதை நம்பிப் பிள்ளையை விடாதீர்கள். பழைய மீன்வலை வெயிலில் இற்றுப்போயிருக்கும். வருடத்துக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுங்கள்.

கைக்குழந்தை என்றால்?

தவழாத பிள்ளை சுகம். ஒரு வயதிலிருந்து மூன்று வயது வரைதான் கஷ்டமான காலம்: கால் ஓடும், சொல் கேட்காது. ஒன்பது மாத எம்எம்ஆர் ஊசியும் பன்னிரண்டு மாத ஜப்பானிய மூளையழற்சி ஊசியும் முடியாமல் நீண்ட பயணம் போகாதீர்கள்.

சத்தியும் காய்ச்சலும் வந்தால் என்ன செய்வது?

ஒரு பக்கெற் ஜீவனியை (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து, ஒரு நிமிடம் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி கொடுங்கள். தாகம் என்று கோப்பையோடு குடித்தால் உடனே திரும்பி வரும். ஆறு மணித்தியாலம் சிறுநீர் போகாவிட்டால், அழும்போது கண்ணீர் வராவிட்டால், வானொலியில் உதவி கேளுங்கள். கடலில் வரும் சத்திக்கான புரோமெத்தசின் மருந்து இரண்டு வயதுக்குக் கீழ் கூடாது. காதுக்குப் பின்னால் ஒட்டும் பெரியவர்களின் மருந்துப் பட்டையும் பிள்ளைகளுக்கு வேண்டாம். எந்த மருந்தையும் வைத்தியரிடம் கேட்டு, முதல் தடவை கரையில் கொடுத்துப் பாருங்கள். சில பிள்ளைகளுக்கு நித்திரைக்குப் பதில் துடியாட்டம் வரும்.

2014இல் ‘ரெபல் ஹார்ட்’ என்ற படகில் போன அமெரிக்கக் குடும்பத்தில், ஒரு வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல், மருந்து கேட்கவில்லை. மெக்சிகோவிலிருந்து சுமார் 900 மைல் தூரத்தில், மீட்புப் படையினர் பரசூற்றில் குதித்து வந்தார்கள். பிள்ளை பிழைத்தது, படகைக் கைவிட்டார்கள். மருந்துப் பெட்டியோடு 406 மெகாஹேர்ட்ஸ் அவசர அறிவிப்புக் கருவியும் வேண்டும் என்பது இதனால்தான்.

தண்ணீர்?

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர். நாலு பேருக்குப் பத்து நாள் 160, மேலதிகமாக அரைவாசி. ஒரே தாங்கியில் வைக்க வேண்டாம்.

படிப்பு?

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் முடிந்து, ஒன்பதாம் வகுப்பு வரைதான் வசதியான இடைவெளி. திரும்பிச் சேர்ப்பது பற்றி அதிபரிடம் முதலே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

எனக்குப் பதின்மூன்று வயது மகள், அண்ணை. வரமாட்டேன் என்கிறாள்.

வற்புறுத்திக் கூட்டிப் போகாதீர்கள், தங்கச்சி. காலை எட்டு முதல் பத்து வரை காவலை அவளிடம் கொடுங்கள், நீங்கள் பக்கத்திலேயே சாய்ந்திருங்கள். மூன்று மாதம் முடிய எந்தத் துறையிலிருந்தும் ஊருக்குத் திரும்பலாம் என்று சொல்லி, அந்த விமானச் சீட்டுக் காசை அவள் கண் முன்னாலேயே ஒதுக்கி வையுங்கள்.