மந்திரத்துக்கும் பருவம் வேண்டும்

ஏற்காட்டு விடுதியில் படிக்கும் மூன்று இளம் சூனியக்காரிகள் நினைத்ததெல்லாம் நடந்துவிடுவதால் உங்கள் நாவலில் பதற்றமே வரவில்லை என்கிறீர்கள். அவர்களுடைய சக்தியைக் காப்பிப் பூவோடு முடிச்சுப் போடுங்கள். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்து ஒரு வாரம், பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகப் பூக்கும். மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் மல்லிகையைப் போல மணக்கும். சில நாளில் பழுப்பேறி உதிர்ந்துவிடும். காரியம் அதற்குள் முடிய வேண்டும். மழை பொய்த்தால்? அந்தப் பயமே பாதி நாவலைத் தாங்கும்.

தயவுசெய்து பறக்கும் துடைப்பத்தை விட்டுவிடுங்கள். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் குமட்டலை அடக்கிக்கொண்டு பஸ்ஸில் வரும் பெண்ணைத்தான் நான் நம்புவேன்.